கல்வராயனைட்டுக்கு ஆயுசு பன்னிரண்டு நாள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறுவேன். தெரியாத விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கணீரென்று இருக்கும். திருவண்ணாமலைக்கு எந்த பஸ் என்று கேட்ட ஒரு கல்யாணக் கோஷ்டியையே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன். (இதுவரைக்கும் யாரும் வந்து சண்டை போடல. இன்னும் போய்க்கிட்டே இருக்காங்களோ என்னவோ.) இந்த வியாதி முற்றிப்போன ஒரு நாளில்தான், உலகத்தில் யாருமே அறியாத ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்தேன். பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தது.

நான் ஆராய்ச்சி செய்தது கண்ணாடியில். கண்ணாடிக்குள் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பது. உப்பு, கற்கண்டு போன்ற படிகங்களுக்குள் அணுக்கள், பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக நிற்கும். முதல் பிள்ளை நிற்கும் இடம் தெரிந்தால் ஐம்பதாவது பிள்ளை எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கண்ணாடிக்குள் இருப்பதோ கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. வரிசை என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் கூர்ந்து பார்த்தால் அம்மா கையில் பிள்ளை, பிள்ளை கையில் முறுக்கு, காலடியில் ஒரு பை என்று ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கும். நாலு அடி தள்ளிப் போனால் அது காணாமல் போய்விடும்.

அந்தச் சின்ன ஒழுங்கை அளப்பதுதான் என் வேலை. ஓர் அணுவுக்கும் பக்கத்து அணுவுக்கும் எவ்வளவு தூரம், அதற்கடுத்ததற்கு எவ்வளவு தூரம் என்று எக்ஸ்ரே கதிரை விட்டுப் பார்க்க வேண்டும். படிகத்தின் மேல் கதிரை விட்டால் வரைபடத்தில் ஊசி ஊசியாக எழும்பி நிற்கும். கண்ணாடியின் மேல் விட்டால் எருமை முதுகு மாதிரி ஒரு மேடு, அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன மேடு, அவ்வளவுதான். ஊசி வந்தால் படிகம், மேடு வந்தால் கண்ணாடி. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொண்டால் என் மானம் போன கதை முழுக்கப் புரிந்துவிடும்.

மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒருமுறை இதை விளக்கினேன். பாதியிலேயே அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அம்மா மட்டும் கடைசி வரை கேட்டாள்.

"அப்போ அதுக்குள்ள எல்லாம் தாறுமாறா கெடக்குது. அத்தப் பாக்கத்தான் நாலு வருஷமா போய்க்கினு வந்துக்கினு இருக்கியா?"

"ஆமாம்மா."

"உன் துணி அலமாரியத் தொறந்து பாத்திருந்தா நாலு நிமிசத்துல முடிஞ்சிருக்குமேடி."

என் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மணலுக்குப் பதில் சாமை உமியை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து செய்த கண்ணாடி. உமியில் சிலிக்கா நிறைய உண்டு. யோசனை என்னுடையது, உழைப்பு என் அண்ணன் கதிருடையது. அவன் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறான். வெள்ளிமலையில் சாமை அரைக்கிற இடத்தில் உமியை மூட்டை கட்டி, ஆட்களுக்கு நடுவே அடுக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறக்கி வருவான். கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டை அவிழ்ந்து உமி பறந்து, ஜீப்பில் இருக்கிற எல்லாரும் கண்ணைக் கசக்குவார்களாம்.

"யாருக்குப்பா இந்த உமி?" என்று கேட்பார்களாம்.

"என் தங்கச்சிக்கு. கண்ணாடி செய்யறா."

"கண்ணாடி கடைலயே கெடைக்குதே."

"அது எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது. அவகிட்ட யாரு சொல்றது?"

சாம்பலைச் சுத்தம் செய்து, சலவைச் சோடா கலந்து, உலையில் உருக்கி, இரும்புத் தட்டில் ஊற்றி, ஆறியதும் பொடித்து நான்கு குப்பிகளில் அடைத்தேன். நான்கிலும் சோடாவின் அளவு வேறு வேறு. எல்லாமே பார்க்க ஒரே மாதிரி வெள்ளைத் தூள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு சின்ன எக்ஸ்ரே கருவி உண்டு. அதில் வைத்துப் பார்த்தபோது நான்கிலும் மேடுதான் வந்தது. நல்ல கண்ணாடி. ஆனால் அணுக்களுக்கு இடையிலான தூரத்தைத் துல்லியமாக அளக்க அந்தச் சின்னக் கருவி போதாது. அதற்கென்று வடநாட்டில், பலமான எக்ஸ்ரே கதிர் தருகிற ஒரு பெரிய கூடம் இருக்கிறது, ஓர் ஏரியைச் சுற்றி வருகிற அளவுக்குப் பெரிய வட்டம். விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் காத்திருந்து, ஒரே ஒரு பகல் கிடைத்தது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை.

அந்த ஒரு பகலில்தான் என் பட்டமே தொங்கிக்கொண்டிருந்தது. என் ஆராய்ச்சிப் பதிவுக்காலம் முடியப் போகிறது. நீட்டிப்பு வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் முடிவுகளைக் காட்ட வேண்டும். முடிவு இல்லை என்றால் நீட்டிப்பு இல்லை. நீட்டிப்பு இல்லை என்றால் நான்கு வருட உமியும் சாம்பலும் வீண், நான் வெறும் கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், அதிகம் பேச மாட்டார். என்ன சொன்னாலும் "அப்படியா" என்பார். ரயிலுக்கு நான்கு நாள் முன்னால் ஆயுத பூஜை விடுமுறை வந்தது.

"குப்பிங்கள வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத மேகலா. லேப்ல பூட்டி வைக்கிறேன். ரயிலுக்கு நானே வந்து குடுக்கறேன்" என்றார்.

"மேடம், அத உருக்கி எடுத்தவ நான். என்னவிடப் பத்திரமா யாரு பாத்துப்பாங்க?"

"அப்படியா" என்றார் மேடம். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை. எது எது எங்களுக்குச் சோறு போடுகிறதோ அதெல்லாம் அன்றைக்குச் சாமி முன்னால் வந்து உட்கார வேண்டும். மண்வெட்டி, அரிவாள், கரும்பு வெட்டுகிற கத்தி, அம்மாவின் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் அண்ணனின் ஜீப்புக்கு வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. மிக்ஸிக்குக்கூட அன்றைக்கு லீவு.

"எல்லாம் வந்துட்ச்சு. உன்னுது எங்க?" என்றாள் அம்மா.

இந்தக் கேள்விக்காகத்தான் நான்கு வருடமாகக் காத்திருந்தேன். பையிலிருந்து நான்கு குப்பிகளையும் எடுத்து வந்து, அரிவாளுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் மணைமேல் வரிசையாக வைத்தேன். வைத்துவிட்டு, இது உலகத்திலேயே முதல் சாமை உமிக் கண்ணாடி என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். (முதலா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் குரல் அவ்வளவு நல்லா வந்தது.)

"மூடியெல்லாம் இறுக்கி இருக்குதே" என்றாள் அம்மா.

"ஈரக்காத்து படக்கூடாதும்மா."

"சாமி முன்னால மூடி வெக்கறதாடி?"

அதற்குள் வாசலில் பூசணிக்காய் உடைக்க அண்ணன் கூப்பிட்டான். போய்விட்டேன். திரும்பி வந்தபோது கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. குப்பிகளின் மூடிகள் இறுக்கமாகவே இருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனப் பொட்டு. அம்மா பொரியும் சுண்டலும் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை குப்பிகளை எடுத்ததும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு குப்பியின் வெளிப்புறத்தையும் துடைத்தேன். சந்தனத்தின் சாயல்கூட இல்லாமல், மூடியின் ஓரத்தில் இருந்த குங்குமத் துகளைக்கூட விடாமல் துடைத்தேன். விஞ்ஞானி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கருவிக்குப் பொறுப்பாக ஒரு விஞ்ஞானி இருந்தார். பொறுமைசாலி. முதலில் கதிரைப் பிடிக்கிற தட்டைச் சரியான இடத்தில் வைத்து, அளவு தெரிந்த ஒரு படிகத் தூளைப் போட்டு, ஊசிகள் சரியான இடத்தில் வருகின்றனவா என்று பார்த்தோம். வந்தன. அப்புறம் நான், தட்டு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நகர்த்தினேன்.

"நகர்த்தினால் அந்தத் தூளை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"தேவையில்லை. தூரத்தை அளந்துவிட்டேன்" என்றேன், எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே.

முதல் குப்பியின் தூளை மெல்லிய குழாயில் அடைத்து வைத்தோம். திரையில் மேடு வந்தது. மேட்டின் மேல் ஊசிகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, தோட்டத்தில் கரும்பு நிற்கிற மாதிரி வரிசையாக.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாதிரியில் வேறு ஏதாவது கலந்திருக்குமோ?"

"வாய்ப்பே இல்லை."

இரண்டாவது குப்பி. அதே இடத்தில் அதே ஊசிகள். மூன்றாவது, நான்காவது, அப்படியே. நான்கு வெவ்வேறு கண்ணாடிகளிலும் ஒரே ஊசிகள் வருகின்றன என்றால், உமியில் இருந்த ஏதோ ஒன்று கண்ணாடிக்குள் தானாகவே படிகமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆய்வகத்துச் சின்னக் கருவியில் ஏன் இது தெரியவில்லை? அதற்குக் கண் மங்கல், வேறென்ன. சிலிக்காவும் சோடாவும் சேர்ந்து என்னென்ன படிகம் ஆகலாமோ அந்தப் பட்டியல் முழுவதையும் கம்ப்யூட்டரில் தேடினேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்றால் புதுசு. புதுசு என்றால் பெயர் வேண்டும். உமி வந்த கல்வராயன் மலையின் பெயரையே வைத்தேன். கல்வராயனைட்.

மிச்சமிருந்த நேரம் முழுவதையும், ஒரு நிமிடம் விடாமல், அந்த ஊசிகளை மறுபடி மறுபடி அளப்பதிலேயே செலவழித்தேன். மேட்டை யார் பார்த்தார்கள்? மேடு எல்லாக் கண்ணாடியிலும் வரும். மாலை ஆறுக்குக் கதிர் நின்றது. வெளியே வந்து மேடத்துக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்படியா" என்றார். "குழு கூடற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன் மேடம்" என்றேன். அவருக்கு முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

ஜீப் ஓட்டுநரிடம் ஒரு சேதி சொல்வதும், தண்டோரா போடுவதும் ஒன்றுதான். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரை ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் இரண்டே நாளில் கல்வராயனைட் தெரிந்துவிட்டது. தங்கம் மாதிரி ஒன்று என்று சிலர், வைரத்துக்குத் தம்பி என்று சிலர். ஒரு வாரம் கழித்து அண்ணன் ஒரு படம் அனுப்பினான். வெள்ளிமலையில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர். "கல்வராயனைட் கண்டெடுத்த எங்கள் வீட்டு விஞ்ஞானியே வருக வருக." நடுவில் என் முகம், ஆள் உயரத்துக்கு. கல்லூரியில் சேர்ந்த வருடம் பஸ் பாஸுக்கு எடுத்த படம். தூக்கம் தெளியாத, திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரியான முகம்.

எனக்குக் கோபம் வரவில்லை. படத்தை மாற்றச் சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

பன்னிரண்டாவது நாள், முற்பகல் பதினொரு மணிக்குக் குழு கூடியது. மேடம், இன்னொரு துறைத் தலைவர், வெளியூரிலிருந்து வந்த மூத்த பேராசிரியர் ஒருவர். அவர் நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி. நான் பட்டுப் புடவையில் போயிருந்தேன். (வேண்டாம், அதப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க.) நாற்பது நிமிடம் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை.

முடித்ததும் மூத்த பேராசிரியர் ஊசிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினார். ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தார். இன்னொரு முறை வகுத்தார்.

"சிலிக்கேட் பட்டியல்ல மட்டும்தான் தேடினீங்களா?"

"ஆமா சார். கண்ணாடில வேற என்ன சார் இருக்க முடியும்?"

"எல்லா ஊசியும் ஒரே விகிதத்துல தள்ளி இருக்கும்மா. அதச் சரி பண்ணிப் பாத்தா இது கால்சைட். சுண்ணாம்புக்கல். பெரிய ஊசியப் பாத்ததுமே சந்தேகமா இருந்துச்சு. லேப்ல சாக்பீஸ் எதாவது கலந்துருச்சா?"

"வாய்ப்பே இல்லை சார்" என்றேன். குரல் கணீரென்றுதான் இருந்தது.

மேடம் முதன்முறையாக வாயைத் திறந்தார். "உலையிலேருந்து இறக்கினதுக்கும் ரயில் ஏறினதுக்கும் நடுவுல குப்பிங்க எங்க இருந்துச்சு மேகலா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டேன்.

"வீட்ல மேடம்."

"வீட்ல அப்போ என்ன நடந்துச்சு?"

"ஆயுத பூஜை."

நான் மூத்த பேராசிரியரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வெள்ளைப் பட்டைகளையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

"அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல" என்றார் மேடம்.

போட்டேன்.

"அம்மா, அன்னிக்குப் பூஜைல என் குப்பியத் தொறந்தியா?"

"பின்ன? மூடியே வெச்சா சாமி பார்வ உள்ள எப்டிப் போவும்?"

"தொறந்து இன்னா பண்ண?"

"இன்னா பண்ணுவாங்க, ஆளுக்கு ஒரு சிட்டிக விபூதி போட்டேன். நாலுக்கும் சமமாத்தான் போட்டேன். ஒண்ணுக்கு ஜாஸ்தி ஒண்ணுக்குக் கம்மின்னுல்லாம் இல்ல. நல்லா குலுக்கி மூடி வெச்சேன்." கவலையோடு கேட்டாள். "ஏண்டி, பத்தலயா?"

துறைத் தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மூத்த பேராசிரியர் போன் பக்கம் குனிந்தார்.

"அம்மா, வணக்கம். நான் மேகலாவோட காலேஜ்லேருந்து பேசறேன். அந்த விபூதி வீட்ல சுட்டதா, கடைல வாங்கினதா?"

"வணக்கங்க. கடைலதாங்க வாங்கனது. பசுஞ்சாணிச் சாம்பல்னு சொல்லித்தாங்க குடுத்தான்."

"அதுல முக்காவாசி சுண்ணாம்புக்கல் மாவும்மா. பெரிய எக்ஸ்ரேல வெச்சுப் பாத்துட்டோம்."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. என் பட்டம் போய்விட்டதை நினைத்து அம்மா கலங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ இத்தினி வருஷமா நான் நெத்தில பூசிக்கினு இருந்தது கல்லுங்களா?" என்றாள்.

மூத்த பேராசிரியரின் கை அவரையறியாமல் தன் நெற்றிக்குப் போனது. தொட்டு, விரல் நுனியைப் பார்த்தார். அதற்குள் போனை யாரோ பிடுங்கும் சத்தம். அண்ணன்.

"சார், நான் மேகலாவோட அண்ணன் பேசறேன். கல்வராயனைட் ஓகே ஆயிட்ச்சுங்களா? மலைல பேனர் கட்டிட்டோம் சார்."

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. பட்டுப் புடவையோடு அதில் உட்கார்ந்து அழுதேன். அம்மாமேல் ஒரு துளிக் கோபம் இல்லை. அவள் தன்னிடம் இருந்ததில் உயர்ந்த ஒன்றை எனக்குப் போட்டிருக்கிறாள். மேடம் வேண்டாம் என்றார், எடுத்துப் போனேன். பொறுப்பாளர் கலந்திருக்குமோ என்றார், வாய்ப்பே இல்லை என்றேன். ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த பகலை, கடையில் விற்கிற சுண்ணாம்புக்கல்லை அளந்து தீர்த்திருக்கிறேன். அவமானத்தைவிட, மேடம் இனி என்னை நம்ப மாட்டார் என்பதுதான் தாங்கவில்லை.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். மேடத்தின் எதிரில் என் குறிப்பேடு திறந்திருந்தது.

"ஊசி ஏன் தள்ளிப் போச்சுன்னு பாத்தோம்" என்றார் மேடம். "தட்டு இருந்த தூரத்த நோட்டுல ஒண்ணு எழுதியிருக்க. கம்ப்யூட்டர்ல வேற ஒண்ணு தட்டியிருக்க. ஒரு இலக்கம் மாறிப் போச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் இன்னும் மோசமாக இருந்தது. தட்டை நகர்த்திவிட்டு, அளவு தெரிந்த தூளை மறுபடி போடாமல் விட்டேனே, அந்தத் தப்பு.

"விபூதி இல்லேன்னா வெறும் மேடுதான் வந்திருக்கும்" என்றார் மூத்த பேராசிரியர். "மேடு கொஞ்சம் தள்ளி நின்னா யாருக்கும் தெரியாது. அணுவுக்கு அணு தூரமெல்லாம் தப்பாப் போட்டு, இதே குரல்ல எங்ககிட்டப் படிச்சுக் காட்டியிருப்பீங்க. நாங்களும் தலையாட்டியிருப்போம். இப்போ அளவு தெரிஞ்ச தூள் ஒண்ணு உள்ளயே இருக்கு. அத வெச்சே எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். உங்க அம்மா நாலுக்கும் சமமாப் போட்டிருக்காங்க, அதனால கழிக்கறதும் சுலபம்."

ஒரு வருடம் கேட்ட இடத்தில் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஐந்தரை மாதம், ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கினேன். கடைசியில் வெறும் மேடுகள் மட்டும் நின்றன. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தூரம், உலகத்தார் எல்லாரும் சொல்கிற அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. சாமை உமிக் கண்ணாடியும் மற்றக் கண்ணாடி மாதிரியேதான் உள்ளே தாறுமாறாக இருக்கிறது என்று நிரூபித்து, முனைவர் ஆனேன்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. "மாதிரிகளில் வீட்டுப் பூஜை விபூதி கலந்திருந்தது, அதுவே அளவீட்டுத் தூளாகப் பயன்பட்டது." அதை எடுத்துவிடலாமா என்று மேடத்திடம் கெஞ்சிப் பார்த்தேன். "எதுக்கு? முழு ஆய்வேட்டுலயும் சந்தேகமே இல்லாத ஒரே வரி அதுதான்" என்றார்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அங்கேயும் ஒரு சின்ன எக்ஸ்ரே கருவி உண்டு. அந்தப் பேனரை அண்ணன் வீணாக்கவில்லை. மழைக்காலத்தில் ஜீப்பின் மேலே சாமை மூட்டைகளுக்குப் போர்த்துகிறான். என் முகம் தலைகீழாக மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகள் முதல் நாள் வகுப்பில் என்னை உற்றுப் பார்ப்பார்கள். யாராவது ஒருத்தி தைரியமாகக் கேட்பாள், "மேடம், உங்கள எங்கியோ பாத்திருக்கறோம்." மூட்டைமேல் என்று நானே சொல்லிவிடுவேன்.

எங்கள் வீட்டில் எது பழுதானாலும், ஜீப் கிளம்பாவிட்டாலும், குழம்பு புளித்தாலும், "விபூதி பத்தல" என்பது வழக்கமாகிவிட்டது. யார்மேலாவது குற்றம் சொன்னால் உடனே, "நான் நாலுக்கும் சமமாத்தான் போட்டேன்" என்பார்கள். தண்ணீர் கட்டப் போய்விடுகிற அப்பாகூட இதைச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

அம்மா அந்தக் கடைக்காரனோடு அன்றைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டாள். "பெரிய எக்ஸ்ரேலயே தெரிஞ்சிபோச்சுடா" என்று கடை வாசலில் நின்று சொன்னாளாம். அதற்கப்புறம் வீட்டிலேயே பசுஞ்சாணி உருட்டிக் காயவைத்து, சுட்டு, சலித்து எடுக்கிறாள். எனக்கும் ஒரு டப்பா உண்டு. "இதுல கல்லே இல்ல, உன் மிஷின்ல வெச்சுப் பாரு" என்று கொடுப்பாள். வைத்துப் பார்த்தேன். உண்மைதான், கல்லும் இல்லை, கல்லின் ஊசியும் இல்லை. என் அளவுக்கு உதவவே உதவாது.

அதனால் நெற்றிக்கு அம்மாவின் விபூதி. கருவிக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா இருக்கிறது. தட்டை நகர்த்துகிற ஒவ்வொரு முறையும் முதலில் அதிலிருந்துதான் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கிறேன். அந்த டப்பாவை மாதா மாதம் அதே கடையில், அம்மாவுக்குத் தெரியாமல், ஒளிந்து ஒளிந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.